மாமா கடையா, காலேஜா? சத்தியில இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட்

இந்த வாரம் வேற ஒரு விஷயம் பேசலாம்னு இருந்தேன். நடுவுல ஒரு வாய்ஸ் நோட் வந்துருச்சு. மூணு நிமிஷம். பின்னாடி பஸ் ஹாரன், பூ மார்க்கெட் சத்தம். அனுப்பின ஆளு ஊர் பேர் சொல்றதுக்கு முன்னாடியே சத்தியமங்கலம்னு தெரிஞ்சுபோச்சு. நான் பிறந்து வளர்ந்த ஊராச்சே.

தம்பி பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கான். அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சிருக்கான். அவனோட தாய்மாமன் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கார். லீவு விட்டா இவன் அங்கதான். அவன் சொன்னது இதுதான்: "அண்ணா, எனக்குக் கடைக்கே போயிரலாம்னு இருக்குதுங்க. அம்மா என்னன்னா, எந்தப் படிப்பா இருந்தாலும் சரி, ஒரு டிகிரி வாங்கிட்டு வான்னு சொல்லுதுங்க. ஜி.டி. நாயுடு படிச்சா பெரிய ஆளானாருங்க?"

இந்தக் கடைசிக் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஏன்னா கோயமுத்தூர்ல காலேஜ் வேண்டாம்னு சொல்ற எல்லாரும் கடைசியில இவர்கிட்டதான் வந்து நிப்பாங்க. 2025-ல அவினாசி ரோடு மேம்பாலத்துக்கும் அவர் பேரை வெச்சாச்சு, இனிமே இன்னும் அதிகமா வருவாங்க.

ஜி.டி. நாயுடு 1893-ல கலங்கல்ல பிறந்தவர். பள்ளிக்கூடத்துல ரொம்ப நாள் நிக்கல, அது உண்மை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் பைக்கைப் பார்த்து மயங்கி, ஹோட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து அதை வாங்கி, வீட்டுல வெச்சுக் கழட்டிக் கழட்டி மாட்டினார்னு சொல்வாங்க. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ் ஓட்டினார். 1937-ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் செஞ்சார். இந்தியாவுலயே செஞ்ச முதல் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. தம்பி, உங்க மாமா கடைக்கு ஒரு வகையில அதுதான் பிள்ளையார் சுழி.

ஆனா கதையோட மறுபாதியை யாரும் சொல்றதில்லை. இதே ஆளுதான் 1945-ல கோவையில தொழில்நுட்பக் கல்லூரி வர்றதுக்கு முன்னால நின்னார். மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பேர்ல ஆரம்பிச்சது, இன்னிக்குத் தடாகம் ரோட்டுல இருக்கிற ஜி.சி.டி. அங்க அவருக்கும் அரசாங்கத்துக்கும் ஒத்துப்போகல. பொறியியல் படிப்புக்கு இத்தனை வருஷம் எதுக்கு, பாதி காலத்துல சொல்லிக்குடுக்கலாமேன்னார். அவங்க ஒத்துக்கல. இவர் வெளிய வந்துட்டார். அதாவது, அவரோட சண்டை படிப்பு மேல இல்ல, அதுக்கு ஆகுற வருஷக் கணக்கு மேல. படிக்காதீங்கன்னு சொல்ற ஆளா இருந்திருந்தா காலேஜ் எதுக்கு ஆரம்பிக்கிறார்?

சரி, வைண்டிங்குக்கு வருவோம். சிட்டியில இருந்து கேக்கறவங்களுக்காகச் சொல்றேன். 1930-கள்ல பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்ததும் மில்லு பெருகிச்சு, கிணத்துக்குக் கிணறு மோட்டார் இறங்கிச்சு. மோட்டார்னு ஒண்ணு இருந்தா அது எரியும். எரிஞ்சா கட்டறதுக்கு ஆள் வேணும். சத்தியைச் சுத்திக் கரும்பு, வாழை, மல்லி. ரெண்டு நாள் தண்ணி பாயலைன்னா மல்லிக்காரர் கடை வாசல்லயே உக்காந்துக்குவார்.

எரிஞ்ச காயிலைப் பிரிக்கும்போதே எத்தனை சுத்து, எந்த கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்ல இருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகுதுன்னு எழுதி வெச்சுக்கணும். அப்புறம் இன்சுலேஷன் பேப்பர் வெட்டி வெச்சு, புதுக் கம்பி சுத்தி, ஸ்லாட்டுக்குள்ள இறக்கி, கனெக்‌ஷன் குடுத்து, மெக்கர் போட்டுப் பார்க்கணும். கை பழகுறதுக்கு ஒரு வருஷம் ஆகும். பழகிட்டா சோறு போடும், சந்தேகமே இல்ல.

என்கூடப் பத்தாவது படிச்சவன் ஒருத்தன் இந்த வேலைக்குத்தான் போனான். நான் பி.இ. மெக்கானிக்கல் போனேன். நாலு வருஷத்துல நான் லேத்தைத் தொட்டதை விரல் விட்டு எண்ணிரலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு குடுத்து வாங்கினேன். [சிரிப்பு] அம்மா இதைக் கேக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல சொல்றேன். முடிச்சுட்டு சரவணம்பட்டியில ஒரு சப்போர்ட் வேலை, நைட் ஷிஃப்ட். அப்போ அவன் சம்பாதிச்சது என்னைவிட அதிகம்.

ஒருநாள் அவன் கடைக்கு ஒரு சப்மெர்சிபிள் வந்துச்சு. ஏற்கெனவே யாரோ தப்பாக் கட்டி எரிஞ்சது. பழைய கணக்கு எதையும் நம்ப முடியாது, இவனே புதுசாக் கணக்குப் போட்டுக் கட்டணும். இவனுக்குக் கை இருக்கு, கணக்கு இல்ல. தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தருக்கு போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினான். அன்னிக்கு அவன் மூஞ்சியை நான் பார்த்தேன். பழசு மாதிரியே கட்டறதுக்குக் கை போதும். ஏன் எரிஞ்சுச்சு, சிங்கிள் ஃபேஸிங்கா, லோ வோல்டேஜா, போர்ல தண்ணி இல்லாம ஓடுச்சான்னு சொல்றதுக்கு உக்காந்து படிச்சிருக்கணும்.

அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்து வயரிங் வந்துச்சு. நல்ல காண்ட்ராக்ட். அதுக்கு லைசென்ஸ் கேட்டாங்க. வயர்மேன் தகுதிச் சான்றுன்னு ஒண்ணு இருக்கு, அரசாங்கம் குடுக்கறது. இவன்கிட்ட இல்ல. வேலை வேற ஆளுக்குப் போச்சு. செஞ்சது என்னவோ இவன்தான், அந்த ஆளுக்குக் கீழ, நாள் கூலிக்கு.

பொண்ணு பார்த்த கதையும் இருக்கு. ஜாதகம் பொருந்திச்சு, தோட்டம் இருக்கு, வருமானம் இருக்கு. "மாப்பிள்ளை என்னங்க படிச்சிருக்காப்டி?" "பத்தாவதுங்க." அதுக்கப்புறம் அவங்க போனே எடுக்கல. இது நியாயமான்னு என்னைக் கேக்காதீங்க, நியாயமே இல்ல. ஆனா தம்பி, உங்க அம்மா டிகிரின்னு சொல்றப்போ அவங்க மனசுல ஓடுறது சிலபஸ் இல்ல, இதுதான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் நினைச்சுக்காத.

இப்போ என் கருத்து. காசு இல்லைங்கிறதுக்காக காலேஜ் வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தா, நில்லு. நீ அரசுப் பள்ளியில படிச்ச பையன். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல பி.இ. சீட் கிடைச்சா ஃபீஸையும் ஹாஸ்டலையும் அரசாங்கமே கட்டுது. அதனால காசுங்கிற காரணத்தை முதல்ல எடுத்துரு. மனசு நிஜமாவே மோட்டார் மேலதான்னா, அப்பவும் நேரா கடைக்குப் போயிராத. ரெண்டு வருஷம் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படி, சாயங்காலம் கடையில உக்காரு. தமிழ்ப் புதல்வன் திட்டத்துல வர்ற மாசம் 1,000 ரூபாய் காலேஜுக்குப் போனாலும் வரும், ஐ.டி.ஐ. போனாலும் வரும். முடிச்சா வயர்மேன் சான்றுக்கு வழி இருக்கு. வேணும்னா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம், டிப்ளமோ முடிச்சா பி.இ.-யிலயும் நேரா ரெண்டாம் வருஷம். சுத்து வழிதான், மறைக்கல. பி.இ. வரைக்கும் போனா மொத்தம் ஏழு வருஷம் ஆகும். ஆனா எந்தப் படியில நின்னாலும் கையில ஒரு வேலை இருக்கும். எனக்கு அந்த நாலாவது வருஷ முடிவுல அது இல்ல.

எந்த டிகிரியா இருந்தாலும் சரிங்கிறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பேங்க் எக்ஸாம், குரூப் 2 எழுதற எண்ணம் இருந்தா ஏதாவது ஒரு டிகிரி வேணும், அது வேற கதை. அந்த எண்ணம் இல்லாம மூணு வருஷம் சும்மா போய்ட்டு வர்றதை அம்மாகிட்ட நீதான் பேசிப் புரியவைக்கணும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. மாமா நல்லா இருக்கற நேரம் பார்த்து, மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருக்கறப்போ கேளு: "மாமா, உங்க பையனை இந்தக் கடையில உக்கார வெப்பீங்களா?" உடனே ஆமான்னாலும் சரி, பேச்சை மாத்தினாலும் சரி. என்ன சொன்னார்னு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் போடு.