பட்ஜெட்டும் நம்ம பாக்கெட்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பட்ஜெட்டைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுடா" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நான் சிவில் இன்ஜினியர். எனக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "உனக்குத்தான் சம்பந்தம். நீ பட்ட பாட்டைச் சொல்லு, போதும்" என்றார். ஆகவே பொருளாதார நிபுணனாக இங்கே நிற்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவனாக நிற்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் பட்ஜெட் அன்று ஹாஸ்டல் டி.வி. ரூமில் கூட்டம் கூடும். கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மச்சி, பைக் விலை ஏறுமா, இறங்குமா?" பதில் கிடைத்ததும் சேனல் மாறிவிடும். அந்தப் பழக்கம் எனக்கு வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகியும் மாறவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்ஜெட் என்றால் என்ன? பழைய பிரெஞ்சு மொழியில் தோல் பை என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்ததாம். நம் அரசியல் சாசனத்தைப் புரட்டினால் அந்தச் சொல் இருக்காது. 112-வது பிரிவில் 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் இருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். நாள் 1947 நவம்பர் 26. ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. முதல் பட்ஜெட்டிலேயே துண்டு விழுந்தது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. துண்டு மட்டும் மாறவில்லை!

இந்த லட்சம் கோடியெல்லாம் தலையைச் சுற்றும். அதனால் ஒரு ரூபாய்க் கணக்காகப் பார்ப்போம். 2025-26 பட்ஜெட்டில் அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் 24 பைசா கடன். வருமான வரி 22, ஜி.எஸ்.டி. 18, கம்பெனிகளின் லாபத்தின் மீதான வரி 17. மீதி கலால், சுங்கம், வரி அல்லாத வருவாய் போன்றவை. செலவுப் பக்கம் வாருங்கள். மாநிலங்களுக்கு வரிப் பங்காக 22 பைசா. பழைய கடனுக்கு வட்டி மட்டும் 20 பைசா. ராணுவத்துக்கு 8. முக்கிய மானியங்களுக்கு 6.

வாங்குவது 24 பைசா கடன், அதில் 20 பைசா வட்டிக்கே போகிறது என்று மனசு கணக்குப் போடுகிறது அல்லவா? ஹாஸ்டலில் நான் ஒரு செமஸ்டர் மெஸ் செக்ரட்டரியாக இருந்தேன். மளிகைக் கடையில் போன மாச பாக்கியை அடைக்க இந்த மாச அட்வான்ஸை எடுப்போம். இந்த மாசத்துக்கு மறுபடி கடன் சொல்லுவோம். அரசாங்கத்துக்கும் மெஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அரசு அந்தக் கடனில் ரோடும் ரயிலும் போட்டால் நாளைக்கு அதிலிருந்து வருமானம் வரும். நாங்கள் கடனில் போட்டது சிக்கன் பிரியாணி!

இனி வரிக்கு வருகிறேன். 265-வது பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது. நிதி அமைச்சர் பேசிவிட்டால் மட்டும் வரி மாறிவிடாது. பேச்சோடு சேர்த்து நிதி மசோதா வருகிறது. அது பார்லிமென்டில் நிறைவேறினால்தான் வருமான வரி மாற்றம் சட்டம். ஆனால் சுங்க வரி அப்படி இல்லை. நாளைக்கு வரி ஏறும் என்று தெரிந்தால் இன்றைக்கே சரக்கை இறக்கிப் பதுக்கிவிடுவார்கள் அல்லவா? அதனால் அது அன்றிரவே அமலுக்கு வரும்படி தனிச் சட்டமே உண்டு. 1931-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. 2023-ல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்தது.

ஜி.எஸ்.டி.யோ இரண்டிலும் சேராது. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் விகிதங்களை முடிவு செய்வது மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் கவுன்சில். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 5, 18 என்று இரண்டே விகிதம் ஆக்கினார்களே, அதற்குப் பட்ஜெட் தேவைப்படவில்லை. ஆகவே சோப்பு, பிஸ்கட் விலைக்குப் பட்ஜெட் நாளில் டி.வி. முன்னால் உட்கார வேண்டியதில்லை.

வருமான வரியின் கதை சுவாரஸ்யமானது. 1973-74-ல் மிக உயர்ந்த படியில் சர்சார்ஜும் சேர்த்து 97.75 சதவீதம்! அந்தப் படியில் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். யார் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவார்கள்? அடுத்த வருஷமே அதை 77 சதவீதமாகக் குறைத்தார்கள். 1997-ல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்று படிகள் வைத்தார். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை என்றார்கள். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75 ஆயிரம் சேர்த்து 12.75 லட்சம்.

இதில் நம் நண்பர்கள் பலருக்கு ஒரு குழப்பம். 12 லட்சம் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. படி படியாகத்தான். கழிவு போக 16 லட்சம் என்று வையுங்கள். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20 ஆயிரம். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40 ஆயிரம். கடைசி 4 லட்சத்துக்கு 15 சதவீதம், 60 ஆயிரம். ஆக 1 லட்சத்து 20 ஆயிரம். மேலே 4 சதவீதம் செஸ். முந்தின வருஷப் படிகளில் இதுவே, செஸ் சேர்க்காமல், 1 லட்சத்து 70 ஆயிரம். 12 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டியவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகாதபடி ஒரு சலுகையும் உண்டு.

அந்த செஸ் என்ற சொல்லைக் கவனியுங்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கு 41 சதவீதப் பங்கு என்றது. ஆனால் செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பங்கீட்டில் சேராது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் மாநிலத்தின் கையில். அந்தச் செலவுகளைத் தெரிந்துகொள்ள மார்ச் மாத வாக்கில் கோட்டையில் வாசிக்கும் பட்ஜெட்டையும் பார்க்க வேண்டும். 2023-24 தமிழ்நாடு பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கினார்கள். அந்த ஒரு வரிதான் செப்டம்பரில் மாசம் ஆயிரம் ரூபாயாக வீட்டு வாசலுக்கு வந்தது.

இப்போது என் கதை.

2023 கடைசியில் வேலையை விட்டுவிட்டு சொந்தமாக சப்-கான்ட்ராக்ட் எடுத்தேன். மத்திய அரசு பணத்தில் நடக்கும் ஒரு கட்டுமானத் திட்டம். எனக்கு மேலே ஒரு பெரிய கம்பெனி. எந்தத் திட்டம், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பட்ஜெட்டில் அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியிருந்த தொகையைப் பேப்பரில் படித்துவிட்டு, "இவ்வளவு பணம் இருக்கு, நமக்கென்ன கவலை" என்று பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் இரண்டு பில் வந்தது. மூன்றாவது நின்றது. மேஸ்திரி சனிக்கிழமை சாயங்காலம் வந்து நிற்பார். "நாளைக்காச்சும் வருமுங்களா?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதுதான் அதிகமாக உறுத்தும்.

2024 ஜூலை தொடக்கத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன். தேர்தல் வருஷம் என்பதால் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்தான். முழு பட்ஜெட் ஜூலை 23-ல் வந்தது. தங்கத்தின் மீதான சுங்க வரியை 15-லிருந்து 6 சதவீதம் ஆக்கினார்கள். அன்றைக்கே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. "என்னங்க, நம்ம நகைக்கு விலை இறங்கிருச்சாமே, பேங்க்ல ஏதாவது கேப்பாங்களா?" என்று மனைவி கலங்கிப்போய்க் கேட்டாள். பக்கத்து வீட்டிலே மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், அவர்கள் பாயசமே வைத்தார்கள். பட்ஜெட்டின் ஒரே வாக்கியம், இரண்டு வீடு. ஒரு வீட்டில் கலக்கம், ஒரு வீட்டில் பாயசம். (பேங்கில் ஒன்றும் கேட்கவில்லை. தங்கமும் பிறகு ஏறிவிட்டது.)

2025 பிப்ரவரி முதல் தேதி. 12 லட்சம் அறிவிப்பு வந்ததும் நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செலவுப் புத்தகத்தைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே வரிசையாகத் தொகைகள் இருக்கும்: இரண்டு வருஷத்துக்கு முந்தைய உண்மைச் செலவு, போன பட்ஜெட்டில் மதிப்பிட்டது, அதையே திருத்தி மதிப்பிட்டது, அடுத்த வருஷ மதிப்பீடு. என் திட்டத்தின் திருத்திய மதிப்பீடு வெகுவாகக் குறைந்திருந்தது. பேப்பரில் வந்த தொகை ஒரு எண்ணம்தான். கைக்கு வந்த தொகை வேறு.

ஊரறிந்த ஒரு கணக்கைக் காட்டுகிறேன். வீடு தோறும் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25-ல் ஒதுக்கியது சுமார் 70 ஆயிரம் கோடி. திருத்திய மதிப்பீடு சுமார் 22,700 கோடி. 2025-26-க்கு மறுபடி 67 ஆயிரம் கோடி. ஒதுக்கியதை மட்டும் படித்தவருக்கு நடுவில் விழுந்த பள்ளம் தெரியவே தெரியாது.

ஏன் இப்படி? ஒதுக்கீடு என்பது "இவ்வளவு வரை செலவழிக்கலாம்" என்ற அனுமதி. பணம் தவணையாகத்தான் போகும். முந்தின தவணையைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் அடுத்தது வரும். வேலை தாமதமானாலோ, அனுமதி தாமதமானாலோ, அரசு பற்றாக்குறையைக் குறைக்க நினைத்தாலோ, வருஷ நடுவில் தொகை சுருங்கும். மார்ச் 31 நள்ளிரவோடு மிச்ச அனுமதியும் காலாவதி. பார்லிமென்டில் இதையெல்லாம் அலசுவார்களே என்பீர்கள். மானியக் கோரிக்கைகளில் சில துறைகளுக்குத்தான் விவாதம் நடக்கும். மற்றவற்றை மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். அதற்குக் 'கில்லட்டின்' என்றே பெயர். 2023 மார்ச் 23-ல் மக்களவையில் எல்லாக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் நிறைவேறின.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது மூன்றே விஷயம். ஒன்று, பட்ஜெட் நாளில் அமைச்சரின் பேச்சோடு நிற்காதீர்கள். புத்தகங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, செலவுப் பகுதியைத் திறந்து பாருங்கள். இரண்டு, நீங்கள் வேலை பார்க்கப் போகும் துறை எதுவோ, அதற்கு ஒதுக்கியது, திருத்தியது, செலவழித்தது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அரசு வேலையை நம்பித் தொழில் தொடங்குகிறவர் மண் பரிசோதனை செய்வது போல இதையும் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. மூன்று, வரி குறைந்தது என்று மகிழும்போது எந்தச் செலவு குறைந்தது என்றும் கேளுங்கள். 12 லட்சம் சலுகையால் ஒரு லட்சம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது. அது சரியா தவறா என்பது உங்கள் கருத்து. கேள்வி கேட்பது மட்டும் நம் எல்லோருடைய கடமை.

என் கடைசி பில் 2025 தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. நகையை மீட்டோம். பதினோரு பேரில் நாலு பேர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் பாக்கியைத் தேடிப்போய்க் கொடுத்தேன். மேஸ்திரி பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அடுத்த வேலை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் புஸ்தகத்தை ஒருக்கா பாத்துருவீங்களா, சார்?"

பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். நீங்களும் பாருங்கள்.