காசு கொடுத்தும் சொந்தமில்லை!



கிள்ளானில் ஒரு வீடு. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டு அண்ணன், கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்குப் போய்க் கணினி விளையாட்டு வட்டு ஒன்றை வாங்கி வருவான். விளையாடி அலுத்ததும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நண்பனுக்குப் பாதி விலைக்கு விற்றுவிடுவான். அந்தப் பணம் அடுத்த வட்டுக்கு உதவும். இன்று தம்பி 200 வெள்ளி கொடுத்து, இணையத்திலிருந்து விளையாட்டைப் பதிவிறக்கம் செய்கிறான். அலுத்தாலும் அதை விற்க முடியாது. நண்பனுக்குச் சும்மா கொடுக்கவும் முடியாது. இருவரும் கொடுத்தது பணம்தான். ஒருவனுக்கு இருந்த உரிமை இன்னொருவனுக்கு ஏன் இல்லை?

இதற்கான விடை ஒரே சொல்லில் இருக்கிறது: உரிமம்.

புத்தகத்தையோ வட்டையோ ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மீது பதிப்பாளரின் பிடி தளர்ந்துவிடுகிறது. இது பழைய சட்டக் கோட்பாடு. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று ஒரு பதிப்பகம் நாவலில் அச்சிட்டது. நியூயார்க் கடை ஒன்று அதை 89 காசுக்கு விற்றது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கமே நின்றது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், விநியோகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை, பிரதியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவருவதோடு முடிகிறது.

பதிவிறக்கத்தில் நிறுவனங்கள் வேறு வழி கண்டன. "நாங்கள் விற்கவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டன. பல பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துபவர்கள்தான் பெரும்பாலோர்.

ஐரோப்பாவில் இது நீதிமன்றம் ஏறியது. 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மானிய நிறுவனத்திற்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில், பதிவிறக்கிய மென்பொருளின் காலவரையற்ற உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஆனால் விற்பவர் தம் கணினியில் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

இதை நம்பி பிரான்சு நாட்டுப் பயனீட்டாளர் சங்கம் ஒன்று, ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2019இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வெற்றி. 2022இல் மேல்முறையீட்டில் தோல்வி. 2024இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அத்தோல்வியை உறுதிப்படுத்தியது. விளையாட்டு என்பது வெறும் மென்பொருள் அல்ல, அதில் இசையும் படமும் கலந்துள்ளன. ஆகவே மென்பொருளுக்கான விதி அதற்குப் பொருந்தாது என்பது வாதம்.

நிறுவனங்களின் தரப்பையும் கேட்க வேண்டும். வட்டு கீறும், புத்தகம் கிழியும். மின்பிரதி தேய்வதே இல்லை. பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால், புதியதை யார் வாங்குவார்? உழைத்தவருக்குக் கூலி எப்படிக் கிடைக்கும்? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேயாத பொருளுக்கு மறுவிற்பனை இல்லை என்றால், விலையிலாவது அந்த வேறுபாடு தெரிய வேண்டாமா? விற்கக்கூடிய வட்டுக்கும் விற்க முடியாத பதிவிறக்கத்திற்கும் ஒரே விலை என்பது எப்படி நியாயமாகும்?

கலிஃபோர்னியா மாநிலம் நடுவழி ஒன்றைக் கண்டது. 2025 ஜனவரி முதல் அங்கே, உரிமம் மட்டுமே தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது. நம் நாட்டிலும் இதுபோன்ற விதியைக் கேட்பது நியாயமே.

நம் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. 2007இல் அது இணைய வாணிபத்திற்கும் விரிவாக்கப்பட்டது. முறையற்ற ஒப்பந்த விதிகளை எதிர்க்கும் பகுதி பின்னர் சேர்க்கப்பட்டது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே முன்வைக்கலாம். ஆனாலும் கடல்கடந்த நிறுவனத்தைப் பிடிப்பது எளிதல்ல. எனவே வருமுன் காப்பதே நல்லது.

பெற்றோர் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, வட்டாக வாங்கினாலும் உள்ளே ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் விற்க முடியாமல் போகலாம். இரண்டாவது, பணம் திரும்பப் பெறும் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். மூன்றாவது, பிறருடைய கணக்கை மலிவாக விலைக்கு வாங்காதீர்கள். விற்றவரே கடவுச்சொல்லை மாற்றி அதை மீட்டுக்கொள்ளலாம், நிறுவனமும் முடக்கலாம்.

பிள்ளை அடுத்த முறை 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தப் போகும்போது, "இது நமக்குச் சொந்தமா, இரவலா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இரவல் என்று தெரிந்த பிறகும் அந்த விலை தகும் என்று தோன்றினால், தாராளமாக வாங்கலாம்.