எழுதாத சட்டம்



1920இல் பிரிட்ஸ் பொலார்ட் என்னும் கறுப்பினத்தவர் ஆடிய அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தில், 1934 முதல் 1945 வரை அவ்வினத்தார் ஒருவரேனும் ஆடவில்லை. தடை ஏட்டில் இல்லை, நடைமுறையில் இருந்தது. எழுதாத சட்டத்தை எங்ஙனம் வெல்வதென்று சட்டம் பயின்ற நாம் வினவுகிறோம்.

விடை மைதானத்திற் கிடைத்தது. 1946இல் லொஸ் ஏஞ்சல்சுக்கு வந்த ராம்ஸ் அணி, பொதுமக்களுக்குரிய அரங்கைக் கேட்டது. கறுப்பினப் பத்திரிகையாளர் அங்கே நியாயங் கேட்டனர். கென்னி வாஷிங்டன் அணியிற் சேர்க்கப்பட்டார். இறுதிவரை மறுத்த தலைநகர் அணியை, அரசநிலத்து அரங்கை மறுப்போமென 1961இல் அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் எச்சரித்தார். 1962இல் அதுவும் பணிந்தது. பொபி மிச்செல் ஆடினார்.

மனமாற்றத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. பொதுச்சொத்தில் தமக்குள்ள பங்கை உணர்ந்து கேட்டனர், பெற்றனர்.