குழலும் சாக்ஸபோனும் பியானோவும்

புல்லாங்குழல், சாக்ஸபோன், பியானோ என்னும் மூன்று வாத்தியங்களும் ஒரு சிறு கூடத்தில் சேர்ந்து ஒலிக்கும் தற்கால மேனாட்டுச் சங்கீதமே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். தாணேயிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் வாழும் தமிழ் ரசிகர்களுக்கு இஃது அந்நியமான விஷயமாகத் தோன்றலாம். அத்துணை அந்நியமானது அன்று என்று காட்டுவதே நமது நோக்கம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'சேம்பர் மியூசிக்' என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? சர்க்கார் காகிதங்களை நாள்தோறும் மொழிபெயர்க்கும் நம்மைப் போன்றோருக்குச் 'சேம்பர்' என்றதும் மேலதிகாரியின் அறைதான் நினைவுக்கு வரும். 'அறை இசை' என்று பெயர்த்தாலோ, கன்னத்தில் விழுவதற்கும் அதுதானே பெயர் என்று நண்பர்கள் நகைக்கின்றனர். ஆகவே 'கூடத்து இசை' என்று வைத்துக்கொள்வோம். சிலர் மட்டும் கூடி, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தனிப் பகுதியை ஏற்று, நடத்துநர் இன்றி, ஒருவரையொருவர் செவியால் பின்பற்றி வாசிப்பது அது. வாசிப்பவர் மூச்சை இழுப்பதும் கேட்பவருக்குக் கேட்கும்.

இவ்வகைச் சிறிய அரங்கு நமக்குப் பழக்கமானதுதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழலாசிரியன், யாழாசிரியன் முதலியோரின் இலக்கணங்களைக் கூறி, அரங்கின் அளவையும் தருகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல். விரலுக்கு முக்கால் அங்குலம் என்று கொண்டால், பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி. நம் ஊர் அடுக்குமாடி வீட்டின் கூடமும் ஏறக்குறைய அவ்வளவே!

பம்பாய்க்கும் கூடத்து இசை புதிதன்று. 1934இல் ஐரோப்பாவிலிருந்து இந்நகருக்கு வந்த வால்டர் காஃப்மன் என்னும் இசையமைப்பாளர், இங்கே கூடத்து இசைக்கென்று ஒரு சங்கத்தையே தோற்றுவித்தார். அவர் பியானோ வாசிக்க, மெஹ்லி மேத்தா வயலின் வாசித்தார். காஃப்மன் பின்னர் பம்பாய் வானொலி நிலையத்தில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பேற்று, 1946இல் இந்நாட்டை விட்டுச் சென்றார். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் பொழுதைப் புலரச் செய்த ஆகாசவாணியின் அடையாள இசையை அமைத்தவர் அவரே என்பர். அவருடைய பெயரை அறியாதவர்களும் அவருடைய இசையை அறிவர்.

இனி மூன்று வாத்தியங்களையும் தனித்தனியே நோக்குவோம்.

குழல் நமக்குச் சொந்தமானது. எனினும் மேனாட்டுக் குழல் வேறு வகை. தியோபால்ட் பேம் என்பவர் 1847இல் அமைத்த வடிவமே இன்றும் அதற்கு அடிப்படை. அதில் துளைகளை மூடித் திறப்பவை உலோக மூடிகள். நம் மூங்கிற் குழலிலோ விரலின் சதையே துளையைத் தொடுகிறது. பாதி மூடலாம், கால் பங்கு திறக்கலாம். அந்த நெளிவிலேதான் கமகம் பிறக்கிறது. 'மாலி' என்று ரசிகர்கள் கொண்டாடிய டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) குழலை வாய்ப்பாட்டின் அருகே கொண்டுவந்தது இவ்வாறுதான். மேனாட்டாரும் தம் குழலில் புதிய ஒலிகளைத் தேடாமல் இல்லை. 1936இல் எட்கார் வரேஸ் ஒரு தனிக் குழல் உருப்படியை இயற்றினார். அதன் பெயர் 'அடர்த்தி 21.5'. பிளாட்டினத்தால் செய்த ஒரு குழலுக்காக எழுதப்பட்டதால், அவ்வுலோகத்தின் அடர்த்தி எண்ணே அதற்குப் பெயராயிற்று. அதில் ஓரிடத்தில் உலோக மூடிகள் தட்டும் ஓசையும் இசையாகவே கையாளப்படுகிறது.

சாக்ஸபோன் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவரின் படைப்பு. 1846இல் பாரிஸில் உரிமம் பெற்றது. உடல் பித்தளையாயினும் மேனாட்டார் அதனை மரக் காற்றுவாத்தியங்களோடு சேர்த்தே எண்ணுவர். அதன் ஒலி ஊற்று உலோகமன்று, நாணல் தட்டையில் சீவிய ஒரு நாக்கு என்பதே காரணம். நாகஸ்வரத்தின் சீவாளிக்கு இரண்டு நாக்கு, இதற்கு ஒன்று. அவ்வளவில் இரண்டும் உறவு முறைதான்.

அந்த உறவைக் கண்டுகொண்டவர் கத்ரி கோபால்நாத். தென் கன்னட மாவட்டத்தில் நாகஸ்வரக் கலைஞரின் மைந்தராகப் பிறந்த அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்பால் மனம் பறிகொடுத்தார். கமகத்துக்கு அந்தக் கருவியைப் பழக்க அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அவருடைய வாழ்வில் திருப்பம் நேர்ந்த இடம் நமக்கு மிக அருகில் உள்ள செம்பூர். 1980இல் அங்கு நடந்த இசை விழா அவரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு பம்பாய் ஜாஸ் விழாவுக்கு வந்திருந்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, அவரோடு சேர்ந்து வாசித்தார். 1994இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் 'பிராம்ஸ்' விழாவிலும் கோபால்நாத் வாசித்தார். அமெரிக்கக் குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனோடு அவர் செய்த ஒலிப்பதிவு ஒன்றும் உண்டு. குழல், சாக்ஸபோன் இரண்டும் அதில் உண்டு. பியானோ இருக்க வேண்டிய இடத்தில் மிருதங்கம்! 2019இல் அவர் மறைந்தார்.

பியானோவை ஏன் நம் சங்கீதம் அருகில் சேர்க்கவில்லை? அதன் கட்டைகள் நிலையான ஸ்வரங்களையே தரும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே வழுக்கிச் செல்ல வழி இல்லை. இதே குற்றத்துக்காகத்தான் ஆகாசவாணி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: நம் பாடகர்கள் தங்கள் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்று சொல்வது அந்தக் கட்டைகளின் கணக்கில்தான். விலக்கி வைத்த உறவினரின் அளவுகோல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது!

பியானோவுக்கு வேறொரு செல்வம் உண்டு. ஒரே வேளையில் பல ஸ்வரங்களை அடுக்கி ஒலிக்க அதனால் இயலும். அதன் இறுக்கத்தைத் தளர்த்த முயன்றவர்களும் உளர். நியூயார்க்கில் 1946இல் ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளருக்கு நம் நாட்டுச் சங்கீதத்தை எடுத்துரைத்தவர் கீதா சாராபாய். அக்காலத்திலே கேஜ் தம் பியானோவின் தந்திகளுக்கிடையே திருகாணி, ரப்பர் முதலியவற்றைச் செருகி, நம் ரசக் கொள்கையை மனத்தில் கொண்டு ஓர் உருப்படித் தொகுதியை இயற்றினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸியான், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சங்கீத ரத்நாகர'த்தில் கண்ட 120 தேசி தாளங்களைத் தம் இசையில் எடுத்தாண்டார். தற்கால இசையில் நம் வீட்டுப் பொருள்கள் பல இவ்வாறு கலந்து கிடக்கின்றன.

இம்மூன்றையும் ஒன்றுசேர்ப்பது எளிதன்று. கீழ் ஸ்தாயியில் குழலின் ஒலி மெலிது. சாக்ஸபோன் வாய் திறந்தால் அது மறைந்துபோகும். பியானோ முழங்கினால் இரண்டுமே மறையும். ஆகவே இசையமைப்பாளர் ஒன்றை உயர்த்தி, ஒன்றைத் தணித்து, மற்றொன்றை வாளாவிருக்கச் செய்து எழுத வேண்டும். வாசிப்பவரும் எங்கே விட்டுக்கொடுப்பது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இதில் ராகமும் இல்லை, தாளமும் நிலைக்கவில்லை, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று ரசிகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆலாபனையில் தாளம் இல்லை, நாம் கேட்கிறோம். தனி ஆவர்த்தனத்தில் ராகம் இல்லை, அதையும் கேட்கிறோம். தம்பூரா மட்டும் ஒலிக்கும் தொடக்கக் கணத்தில் இரண்டும் இல்லை. அப்போதும் நம் செவி நிறைகிறது. தாளமின்றியும் ராகமின்றியும் கேட்கும் பயிற்சி நம்மிடம் முன்பே இருக்கிறது. அதே செவியோடு இங்கும் அமர்ந்து, ஒலியின் நிறத்தையும், ஒலிகளுக்கு இடையேயுள்ள மௌனத்தையும் கவனித்தால் போதும். ஒரே உருப்படியை இரண்டு முறை கேட்பது நல்லது. முதல் முறை புரியாதது இரண்டாம் முறை முகம் காட்டும்.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? இதற்கு விடையாக, இந்நகரிலேயே பிறந்த வன்ராஜ் பாட்டியாவை (1927–2021) நினைவுகூர்வோம். லண்டன் ராயல் இசைக் கழகத்திலும், பாரிஸில் நாடியா புலாஞ்செயிடமும் பயின்றவர் அவர். பியானோவுக்கும் கூடத்து இசைக்கும் நம் நாட்டு மண்வாசனையோடு எழுதினார். ஆனால் நகரம் அவரை அறிந்தது ஆயிரக்கணக்கான விளம்பரப் பாடல்களாலும், திரைப்பட, தொலைக்காட்சி இசையாலும்தான். அவற்றிலும் அவருடைய திறன் மிளிர்ந்தது; 1988இல் 'தமஸ்' தொடருக்காகத் தேசிய விருது பெற்றார். ஆயினும் அவர் எழுதிய கச்சேரி உருப்படிகளை நேரில் கேட்டவர்கள் சிலரே. ஏட்டில் எழுதிய இசை எவரும் வாசிக்காவிட்டால் ஊமை. வாசித்தும் எவரும் வந்து அமராவிட்டால் அது மீண்டும் ஊமையாகிறது.

மாதுங்காவின் ஷண்முகானந்த மண்டபத்தில் 2,500க்கு மேற்பட்ட இருக்கைகள் உண்டு. கூடத்து இசைக்கு அவ்வளவு பேர் வேண்டாம். ஐம்பது பேர் போதும். அந்த ஐம்பது பேர் பெரும்பாலும் தென் மும்பையில் நாரிமன் முனைப் பக்கமே கூடுகின்றனர். 1853இல் நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில், போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடித் தாணேயை அடைந்தது. இசையும் அத்தூரத்தைக் கடந்து வருவது அரிதன்று. நம் பகுதிச் சபாக்கள் ஆண்டுக்கு ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். அதில் நம் குழல் வித்துவான் ஒருவரும், மேனாட்டு இசை பயின்ற இளைஞர் இருவரும் சேர்ந்து அமரலாம். அன்று நாம் செய்ய வேண்டியது ஒன்றே: கடைசி ஸ்வரம் ஓயும்வரை எழுந்து போகாமல் இருந்து கேட்பது.