செப்டம்பர் 5 சொல்லும் பாடம்
(திருவாலங்காட்டில் ஆசிரியர் தினத்தன்று நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



1872-இல் இதே நாளில் வ.உ.சி. பிறந்தார். அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனியில் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக் கைகொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட்.

1888-இல் இதே நாளில், பக்கத்துத் திருத்தணியில், டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். உதவித்தொகையில் படித்தவர். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்களே அவரைத் தத்துவப் பாடத்துக்குக் கொண்டுசென்றன.

1997-இல் இதே நாளில் அன்னை தெரசா மறைந்தார், ஐ.நா. இந்நாளைச் சர்வதேச அறக்கொடை தினமாக்கியது.

லட்சங்கள் கொடுக்க நம் எல்லோராலும் இயலாது. படித்து முடித்த புத்தகத்தைக் கொடுக்க இயலும். பரணில் கிடக்கும் பாடநூல்களை எங்களிடம் கொடுங்கள். தேவைப்படும் பிள்ளைகளிடம் நாங்கள் சேர்ப்போம். அதுவும் ஸதகாதான்.