கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் யாம் கற்றது
(சங்கத்தின் வருஷாந்தக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)



கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் உத்தியோகத்தில் முப்பது வருஷங்களுக்கு மேற் கழித்துவிட்டோமாதலால், அதிற் கற்றதை எடுத்துரைக்கும்படி நம் காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். கற்றவை பல. யாம் செய்த பிழையொன்றினாற் கற்றதையே இன்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

யாம் முதலிற் பயின்ற பாஷைக்குக் கோபால் என்று பெயர். (நகைப்பு.) அயல்வீட்டுப் பிள்ளையைச் சொல்லவில்லை, வர்த்தகக் கணக்குகளுக்கென்று 1960-ல் அமெரிக்காவில் வெளியான பாஷை அது. அக்காலத்தில் விவரங்களைத் துளையிட்ட அட்டைகளிற் பதிவார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துக்கே இடம். ஆகவே 1965 என்னாமல் 65 என்றே பதிந்து சிக்கனம் செய்தார்கள். அட்டைகள் போயின, வழக்கம் போகவில்லை. 2000 பிறந்தால் 00 என்பதை இயந்திரம் 1900 என்று கொள்ளுமே, வட்டியும் வயதும் தலைகீழாகுமே என்னும் திகில் பின்னரே உண்டாயிற்று. அதைத் திருத்தும் வேலை நம் தேசத்து வாலிபர் அநேகருக்கு ஜீவனம் அளித்தது. யாமும் அவர்களுள் அடங்குவோம்.

எமக்குக் கிடைத்தது ஒரு வட்டிக் கணக்கு. நான்கால் வகுபடும் வருஷத்திற் பிப்ரவரிக்கு 29 நாள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நூறால் வகுபட்டால் அந்நாள் இல்லை, 1900-க்கு இல்லை. ஆயினும் நானூறால் வகுபட்டால் உண்டு; 2000-க்கு உண்டு. யாம் முதலிரண்டு விதிகளையும் அறிந்திருந்தோம், மூன்றாவதை அறிந்திலோம். வேடிக்கை யாதெனில், முதல் விதியொன்றையே அறிந்தவர் எழுதிய கணக்குச் சரியாக நின்றது!

2000 ஜனவரியில், உலகம் தப்பிற்றென்று ஆபீஸில் எல்லாரும் மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்தபோது, இப்பிழை எம் கண்ணிற் பட்டது. இரண்டு நாள் வாய் திறந்திலோம். எம் குடும்பத்தில் எமக்கு முன் காலேஜ் வாசலை மிதித்தவர் எவருமிலர். “இவனுக்குத் தெரியாது” என்று ஒருவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எம்மை விட்டதேயில்லை. இரவில் ஒருவரும் அறியாமல் திருத்திவிடலாமென்றும் எண்ணினோம்.

மூன்றாம் நாள், மேலதிகாரியான அம்மையாரிடம் சொன்னோம். அவர் கோபித்திலர். “இதே வரிகளை வேறெங்கே பிரதி செய்தீர்கள்?” என்று மாத்திரம் கேட்டார். தேடினோம், இன்னும் இரண்டு புரோகிராம்களில் இருந்தன. அவற்றுள் ஒன்றை யாம் மறந்தே போயிருந்தோம்! இரகசியமாகத் திருத்தியிருந்தால் அவ்விரண்டும் அப்படியே கிடந்து, டிபாசிட் வைத்தவர்களின் ஒரு நாள் வட்டியைத் தின்றிருக்கும்.

பிரதி செய்த வரிகளால் இடறியவர் யாம் மாத்திரமல்ல. ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட்டு 1996 ஜூன் 4-ல் கிளம்பிச் சுமார் 40 விநாடியிற் சிதறிற்று. ஏரியான் 4-க்கு எழுதியதொரு பகுதியை அதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தால் ஓர் எண் 32,767-ஐத் தாண்டிற்று. அதற்கு ஒதுக்கிய இடம் கொள்ளவில்லை.

அதன்பின், எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, இதை ஏன் இவ்வாறு செய்தோமென்று இரண்டு வரி எழுதிவைக்கத் தொடங்கினோம். அவ்வரிகளால் அதிகம் பயனடைந்தவர் பிறரல்லர். ஆறு மாதத்தில் எழுதியதை மறந்துவிட்ட யாமே.

இத்தொழிலைப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் அன்றைய எம்மைப் போலவே பயந்து வாய் மூடியிருக்கிறார்களென்று பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். இம்மாதம் முதல் ஞாயிறுதோறும் காலையிற் சங்கக் கட்டிடத்தில் இருப்போம். பிள்ளைகளை அனுப்புங்கள். நன்றாக ஓடும் புரோகிராமைக் காட்டவேண்டாம், ஓடாததையே கொண்டுவரட்டும்.