லிங்கனின் காலடியில் இருப்பவர்



நினைவுச் சொற்பொழிவு என்றாலே நமக்கு ஒரு சங்கடம் உண்டு. மறைந்தவரைப் புகழ்வதா, உள்ளதைச் சொல்வதா? இரண்டையும் ஒரே பேச்சில் செய்துகாட்டியவர் பிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, எழுத்தாலும் பேச்சாலும் போராடியவர். 1876 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கனுக்குச் சிலை திறந்தார்கள். லிங்கன் சுடப்பட்டு அன்றோடு பதினோரு ஆண்டுகள். அதிபர் கிராண்ட் அமர்ந்திருந்த அந்த அவையில்தான் டக்ளஸ், லிங்கன் முதலில் வெள்ளையரின் அதிபர் என்றார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் வெள்ளையர்களே, நாங்கள் அப்படி அல்ல என்ற பொருளில் பேசினார்.

அது வசை அல்ல, கணக்கு. 1862 ஏப்ரலில் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? எஜமானுக்கு. விடுதலையானவர் நாட்டைவிட்டே போகச் சம்மதித்தால் அவருக்கு 100 டாலர் வரை. அதே ஆண்டு ஆகஸ்டில் கறுப்பினப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்த லிங்கன், இரண்டு இனமும் பிரிந்திருப்பதே நல்லது, வெளியே போய்க் குடியேறுங்கள் என்று யோசனை சொன்னார். ஊர் வேறு, சேரி வேறு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதா என்ன? 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனமும் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுந்தான். லிங்கன் பிறந்த கெண்டக்கி அதில் இல்லை.

ஆனால் அந்தப் பிரகடனம் கறுப்பர்களைப் படையில் சேர்த்துக்கொள்ள வழி திறந்தது. சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடுப்புக்காக 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் அந்தக் குறைந்த சம்பளத்தைக் கையால் தொடாமல் மாதக்கணக்கில் போரிட்டார்கள். 1864இல் சட்டம் மாறியது. லிங்கனும் மாறினார். 1865 ஏப்ரல் 11 அன்று, படித்த கறுப்பர்களுக்கும் படையில் நின்றவர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்று பேசினார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்ட ஜான் வில்க்ஸ் பூத் மூன்றாம் நாள் அவரைச் சுட்டான். லிங்கனை அந்த இடம்வரை நகர்த்தியவர்கள் துப்பாக்கி ஏந்திய அந்த மக்கள் என்றே நாம் படிக்கிறோம். டக்ளஸ் இன்னும் நிதானமாகச் சொன்னார்: அடிமை ஒழிப்பாளர்களின் அளவுகோலில் லிங்கன் மந்தமானவர், அவருடைய நாட்டு மக்களின் அளவுகோலில் வேகமானவர்.

சிலைக்கு வருவோம். அதற்கு முதல் காசு தந்தவர் ஷார்லட் ஸ்காட், விடுதலை பெற்ற ஒரு பெண். கொலைச் செய்தி கேட்டதும் தன் உழைப்பில் சேர்ந்த 5 டாலரைக் கொடுத்தார். பிறகு கறுப்புச் சிப்பாய்கள் கொடுத்தார்கள், விடுதலையான குடும்பங்கள் கொடுத்தன. உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததோ வெள்ளையர்கள் நடத்திய நிவாரண அமைப்பு. லிங்கன் கை நீட்டி நிற்கிறார். அவர் காலடியில் சட்டையில்லாத கறுப்பர் ஒருவர் முழங்கால் மடக்கி இருக்கிறார். காசும் அவர்களுடையது, தரையில் பட்ட முழங்காலும் அவர்களுடையது. திறப்புவிழா முடிந்த சில நாளில் டக்ளஸ் பத்திரிகைக்கு எழுதினார்: கறுப்பர் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிலையைச் சாவதற்குள் பார்க்க வேண்டும்.

நமக்கு யார் யாரோ விடுதலை வாங்கித் தந்ததாக மேடைதோறும் கேட்கிறோம். அதனால்தான் இந்த முழங்கால் நம் கண்ணை உறுத்துகிறது. ஜோதிராவ் புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலை அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்காவின் நல்ல மக்களுக்குக் காணிக்கையாக்கினார். எந்த அதிபருக்கும் அல்ல.

டக்ளஸ் 1895இல் இறந்தார். 1974இல் அதே பூங்காவில் மேரி மெக்லியோட் பெத்யூனுக்குச் சிலை வைத்தார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர். இரண்டு குழந்தைகளோடு நிற்கிறார். அவரைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று லிங்கன் சிலையைத் திருப்பி வைத்தார்கள்.